பெரியப்பாவின் திசையிலி அலை

அலை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குப் பினாங்குக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். இயற்பியல் படிக்கும் மாணவருக்கோ ஒலி, ஒளி, வானொலி, கைப்பேசி என்று ஒரு பட்டியலே கண்முன் விரியும். இவை யாவும் அளந்து பார்க்கப்பட்ட அலைகள். இவற்றுக்கு அப்பால், பாடநூல்களில் இடம்பெறாத, ஆனால் பலரும் உறுதியாக நம்புகின்ற அலைகள் சில உண்டு. அவற்றில் ஒன்றைத் தேடி நானும் என் பெரியப்பாவும் ஒரு பருவ விடுமுறை முழுவதும் செம்புக் கம்பியோடும் தகர டின்னோடும் மல்லுக்கட்டினோம். அந்த அனுபவத்தை அன்பு வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பெரியப்பாவை அறிமுகப்படுத்திவிடுகிறேன். கெடா மாநிலத்தில் ஒரு செம்பனை ஆலையில் 31 ஆண்டுகள் சார்ஜ்மேனாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். படிப்பு மூன்றாம் படிவம் வரைதான். ஆனால், எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் சோல்டரிங் கோலைக் கையில் பிடித்தவர் அவரே. பழுதான வானொலியைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இது ஓம், இது வோல்ட்டு" என்று எனக்கு ஆறு வயதிலேயே சொல்லிக் கொடுத்தவர். இன்று நான் மின்னியல் பொறியியல் மாணவி என்றால் அதற்கு வித்திட்டவர் அவர்தான் என்பதில் ஐயமில்லை. ஆகவே, அவரிடம் போய் "நீங்கள் நம்புவது தவறு" என்று சொல்வது எனக்கு எளிதான காரியமன்று.

மண்டபத்தில் கண்ட அதிசயம்

சென்ற ஆண்டு ஒரு நாள் பெரியப்பா எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. சுங்கை பட்டாணியில் ஒரு மண்டபத்தில் நடந்த விளக்கக் கூட்டத்திற்குப் போய்வந்தாராம். மேடையில் இரண்டு தட்டையான கம்பிச் சுருள்களை வைத்து, ஒன்றில் மின்சாரம் செலுத்த, தள்ளியிருந்த மற்றொன்றில் விளக்கு எரிந்ததாம். பின்னர் இரண்டாவது சுருளை உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடியும் விளக்கு அணையவில்லையாம். "இது சாதாரண அலை இல்லம்மா. ஸ்கேலார் அலை. டெஸ்லா கண்டுபிடிச்சது. பெரிய கம்பெனிக்காரனுங்க மறைச்சுட்டானுங்க," என்றார்.

விளக்கு எரிந்ததோடு கூட்டம் முடிந்திருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன். ஆனால், அதே அலையை அடக்கிய வட்டத் தகடுகள் அங்கு விற்பனைக்கு வந்தன. தகட்டின்மேல் வைத்த தண்ணீரைக் குடித்தால் உடல்நோய்கள் தீரும் என்றார்கள். முகவராகச் சேர 20,000 ரிங்கிட் கட்ட வேண்டும். பெரியப்பா தமது சேமநிதியிலிருந்து மீதமிருந்த பணத்தை எடுக்க முடிவு செய்திருந்தார். அதைவிட என்னை அச்சுறுத்திய செய்தி வேறொன்று. ஒரு தகட்டை வாங்கி வந்த நாள் முதல், பெரியம்மா தமது நீரிழிவு மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். விற்றவர் சொன்ன ஆலோசனையாம் அது.

விடுமுறை தொடங்கியதும் நான் ஊருக்குப் புறப்பட்டேன். புறப்படுமுன் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். பெரியப்பாவோடு வாதாடப் போவதில்லை. அவர் மேடையில் பார்த்ததை அவர் கையாலேயே செய்து பார்ப்போம். செய்து பார்த்து அறிவது அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த வழிதானே!

பெயரில் என்ன இருக்கிறது?

'ஸ்கேலார்' என்பதைத் தமிழில் திசையிலி என்கிறோம். பொருண்மை, வெப்பநிலை, அழுத்தம் போன்று அளவு மட்டும் உள்ள, திசை இல்லாத கணியங்கள் திசையிலிகள். விசை, திசைவேகம் போன்றவை திசையுள்ளவை. இதைச் சொன்னதும் பெரியப்பா சிரித்துவிட்டார். "திசையே இல்லாத அலை எப்படிம்மா குறி பார்த்துப் பெட்டிக்குள்ள போகும்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டபோது மந்திரம்போல் ஒலித்த சொல், தமிழில் வந்ததும் கேள்விக்குரிய சொல்லாகிவிட்டது. ஆனாலும், பெயரை வைத்து மட்டும் ஒரு கருத்தைத் தள்ளிவிட முடியாது. ஒலியின் அழுத்தமும் திசையிலிதான். ஒலியோ நன்றாகவே பயணம் செய்கிறது. இதையும் அவரிடம் சொன்னேன்.

உண்மையில் வேறுபாடு அதிர்வின் போக்கில்தான் இருக்கிறது. கயிற்றின் ஒரு முனையை மேலும் கீழும் ஆட்டினால் அலை முன்னே செல்லும். கயிறு குறுக்காக ஆடும். இது குறுக்கலை. ஒலியில் காற்று, அலை செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் நெருங்கி விலகும். இது நெட்டலை. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1865-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, மின்னூட்டம் ஏதுமற்ற வெற்றிடத்தில் செல்லும் மின்காந்த அலை குறுக்கலையாகத்தான் இருக்க முடியும். ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1887-88 ஆண்டுகளில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் அந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார். மின்னேற்றத் துகள்கள் நிறைந்த பிளாஸ்மாவில் மின்புலத்தின் நெட்டலைகள் உண்டு. அவற்றை யாரும் மறைக்கவில்லை, பாடமாகவே நடத்துகிறார்கள். ஆனால், காலியான வெளியிலும் காற்றிலும் நெட்டலையாகச் சென்று, உலோகத்தையும் துளைத்து, ஒளியையும் முந்தும் அலை ஒன்று உண்டு என்பதே 'ஸ்கேலார்' ஆர்வலர்களின் கூற்று.

இந்த எண்ணத்திற்கு நிகோலா டெஸ்லாவின் பெயர் துணையாக நிற்கிறது. 1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் அவர் பெரும் சுருள்களை அமைத்து ஆய்வு செய்ததும், 1901-இல் நியூயார்க்கின் லாங் தீவில் கோபுரம் ஒன்றைக் கட்டத் தொடங்கியதும், பணம் இல்லாமல் திட்டம் நின்றுபோய் 1917-இல் அக்கோபுரம் இடிக்கப்பட்டதும் வரலாறு. தாம் அனுப்புவது ஹெர்ட்ஸின் அலையன்று என்று டெஸ்லா நம்பியதும் உண்மையே. அண்மைக் காலத்தில் ஜெர்மானியப் பேராசிரியர் கொன்ஸ்தந்தின் மைல், தட்டைச் சுருள்கள் கொண்ட செய்முறைப் பெட்டியை உருவாக்கி இக்கருத்தைப் பரப்பினார். அவருடைய சமன்பாடுகள் பிழையானவை என்று டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் கெர்ஹார்ட் புரூன் எழுதிக் காட்டினார். பெரியப்பா மேடையில் கண்டது அந்தச் செய்முறையின் சாயல்தான்.

கம்பியும் டின்னும்

கோலாலம்பூர் ஜாலான் பசாரில் மின்னணுப் பொருள்கள் கிடைக்காத கடையில்லை. அங்கே 0.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எனாமல் பூசிய செம்புக் கம்பி, அலை உண்டாக்கும் சிறு மின்பலகை, சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் ஆகியவற்றை வாங்கிச் சென்றேன். மொத்தச் செலவு 140 ரிங்கிட்டுக்குள் அடங்கியது. மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் மின்கலம் பெரியப்பாவிடமே இருந்தது.

ஒட்டுப்பலகையில் வட்டம் வரைந்து, கம்பியைக் கொசுவத்திச் சுருள்போல் உள்ளிருந்து வெளியே 40 சுற்றுகள் சுற்றினோம். உள் ஆரம் 2 சென்டிமீட்டர்; வெளி ஆரம் 4 சென்டிமீட்டர். ஒரு சுருளுக்கு ஏறக்குறைய 7.5 மீட்டர் கம்பி பிடித்தது. சுருளின் உள்முனையில் ஓர் உலோக உருண்டையை இணைத்தோம். வெளிமுனை நிலக்கம்பிக்கு. அதன்மேல் நான்கு சுற்றுகள் கொண்ட சிறு சுருள் ஒன்று. அனுப்பும் பக்கத்தில் மின்பலகை அதற்கு அலையைக் கொடுக்கும், பெறும் பக்கத்தில் அதிலிருந்து விளக்கு எரியும். பெரியப்பாவின் விரல்கள் நடுங்கினாலும் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவே இல்லை. என் சுருளைவிட அவர் சுருள் அழகாக இருந்தது.

இரண்டையும் 2 மீட்டர் இடைவெளியில் வைத்து, இரு பக்க நிலக்கம்பிகளையும் ஒரே கம்பியால் இணைத்தோம். அதிர்வெண்ணை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனோம். 5 மெகாஹெர்ட்ஸை நெருங்கியபோது, எதிர்ப்பக்க விளக்கு பளிச்சென்று எரிந்தது! பெரியம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்தார். எனக்கும் மெய்சிலிர்த்தது என்றால் மிகையாகாது. காரணம் தெரிந்திருந்தாலும் அதிசயம் அதிசயம்தானே.

அடுத்து உலோகப் பெட்டி. பெரியம்மா தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கும் பெரிய சதுர பிஸ்கட் டின்னை எடுத்தோம். நிலக்கம்பி உள்ளே செல்ல ஒரு துளை, எட்டிப் பார்க்க ஒரு துளை. பெறும் சுருளை உள்ளே வைத்து மூடினோம். அதிர்வெண்ணைச் சற்றே திருத்தியதும் விளக்கு உள்ளே எரிந்தது. "பாத்தியாம்மா? டின்னுக்குள்ள போயிடுச்சு!" என்றார் பெரியப்பா. மண்டபத்தில் கண்ட அதே காட்சி.

நான் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. "பெரியப்பா, ஆலையில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் மின்கம்பி போனால், பெட்டியை முதலில் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

"எர்த் போடணும்," என்றார் சட்டென்று. 31 ஆண்டுகள் அவர் வாய் சொல்லிப் பழகிய விடை அது.

சொல்லிவிட்டுச் சிறிது நேரம் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை எடுத்து, துளைக்கருகே இருந்த வண்ணத்தைச் சுரண்டினார். நிலக்கம்பியின் உறையை அவ்விடத்தில் உரித்து டின்னோடு இறுக்கிக் கட்டினார். எட்டிப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. அதிர்வெண்ணை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். எரியவில்லை. கட்டை அவிழ்த்தார், எரிந்தது. கட்டினார், அணைந்தது. இப்படியே ஐந்தாறு முறை.

இதன் விளக்கம் இதுதான். 5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 மீட்டர். சுருளிலிருந்து ஏறத்தாழ 10 மீட்டருக்குள் இருப்பதெல்லாம் அண்மைப் புலம் எனப்படும்; அங்கே அலை முழுமையாகப் பிரிந்து செல்வதே இல்லை. இரு உருண்டைகளும் காற்றை நடுவில் வைத்த மின்தேக்கியின் இரு தகடுகளைப்போல் செயல்படுகின்றன. நிலக்கம்பி மின்னோட்டம் திரும்பி வரும் பாதை. தனித்து விடப்பட்ட டின், நடுவில் நிற்கும் மூன்றாவது தகடு மட்டுமே. அது எதையும் தடுப்பதில்லை. டின்னை நிலக்கம்பியோடு இணைத்துவிட்டால், டின்னும் கம்பியும் ஒரே மின்னழுத்தத்திற்கு வந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் உருண்டைக்குப் புலமே கிட்டாது. மண்டபத்தில் பெட்டியைத் துளைத்தது புதிய அலையன்று. அது கம்பி வழியாக உள்ளே போயிற்று.

மீட்டர் சொன்ன கணக்கு

பெரியப்பா அத்துடன் விடவில்லை. "அனுப்புறதைவிட அதிகமா கிடைக்குதுன்னு சொன்னாங்களே," என்றார். அனுப்பும் பக்க விளக்கு மங்கலாகவும் பெறும் பக்க விளக்கு பிரகாசமாகவும் இருப்பதே அங்கே காட்டப்பட்ட சான்று. விளக்கின் ஒளி வாட்டைக் காட்டாது, சிறு எல்.இ.டி. விளக்கு சில மில்லிவாட்டிலேயே கண்ணைப் பறிக்கும். ஆகவே, அளந்தோம். மின்கலத்திலிருந்து போனது 12 வோல்ட், 0.15 ஆம்பியர், அதாவது 1.8 வாட். பெறும் பக்கத்தில் அலையை நேர்மின்னோட்டமாக மாற்றி 1,000 ஓம் மின்தடையில் செலுத்தியபோது கிடைத்தது 6 வோல்ட்; அதாவது 0.036 வாட். பெரியப்பா பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் தாமே கணக்குப் போட்டார். நூற்றுக்கு 2. அதன் கீழே இரண்டு கோடுகள் கிழித்தார்.

மூன்றாவது கூற்று, இந்த அலை ஒளியைவிட ஒன்றரை மடங்கு வேகமானது என்பது. ஒத்ததிர்வு உண்டாகும் அதிர்வெண்ணை வைத்தே அவ்வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால், எங்கள் உருண்டைக்கு அருகே கையைக் கொண்டுபோனாலே அந்த அதிர்வெண் இறங்கியது. கை நீட்டினால் மாறும் ஓர் எண்ணிலிருந்து ஒளியின் வேகத்தை வெல்ல முடியாதல்லவா!

பெரியப்பாவின் முகம் வாடியதைக் கண்டு அவரிடம் வேறொரு செய்தியைச் சொன்னேன். 2007-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஒத்ததிர்வுச் சுருள்களைக் கொண்டு, 2 மீட்டர் தொலைவிலிருந்த 60 வாட் விளக்கைக் கம்பியின்றி எரிய வைத்தனர். ஏறத்தாழ 40 விழுக்காடு ஆற்றல் போய்ச் சேர்ந்தது. இன்று தட்டில் வைத்ததும் மின்னேறும் கைப்பேசிகளும் சுருளிலிருந்து சுருளுக்கு ஆற்றல் தாவுவதால்தான் இயங்குகின்றன. டெஸ்லாவின் கனவில் உண்மையான பகுதியை யாரும் மறைக்கவில்லை. அது நம் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

கண்ணைக் கட்டிய சோதனை

இன்னும் தண்ணீர் மிச்சமிருந்தது. தகட்டில் வைத்த நீர் 'மெதுவாக' இருக்கிறது என்று இருவருமே சொன்னார்கள். இந்த இடத்தில் ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1903-இல் பிரான்சின் நான்சி நகரில் ப்ளோந்லோ என்ற புகழ்பெற்ற இயற்பியலாளர் 'என் கதிர்' என்ற புதிய கதிரைக் கண்டதாக அறிவித்தார். பலரும் அதைத் தாங்களும் கண்டதாக எழுதினார்கள். 1904-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அவரது ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். இருட்டில் கருவியின் முக்கிய உறுப்பான அலுமினியப் பட்டகத்தை ஓசையின்றி எடுத்துவிட்டார். ப்ளோந்லோவோ முன்போலவே அளவுகளைப் படித்துக்கொண்டிருந்தார். ப்ளோந்லோ பொய்யரல்லர். எதிர்பார்த்ததைக் கண் காட்டியது, அவ்வளவே.

நாங்களும் அவ்வாறே செய்தோம். என் தம்பி அடுக்களையில் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் தகட்டு நீர், பூ விழுந்தால் குழாய் நீர் என்று குவளையில் ஊற்றிக் குறித்துக்கொண்டான். கொண்டுவந்து கொடுத்தவள் நான். எது எந்த நீர் என்று எனக்கும் தெரியாது. ஆளுக்கு 20 குவளைகள், இரண்டு நாள்களில். 15 குவளைகளைச் சரியாகச் சொன்னால் தகட்டை நம்புவது என்று முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட்டோம். குருட்டாம்போக்கில் சொன்னால் 15 அல்லது அதற்கு மேல் சரியாக வர, நூற்றுக்கு இரண்டு முறையே வாய்ப்பு. பெரியப்பா 11 சரி; பெரியம்மா 9 சரி. நாணயமே இருவர் அளவுக்குச் சொல்லியிருக்கும்.

மறுநாள் காலை பசியாறிய பின் பெரியம்மா தாமே கிளினிக்கிற்குப் போகலாம் என்றார். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. மருத்துவர் பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடரச் சொன்னார். சேமநிதிப் பணம் அப்படியே இருக்கிறது. "நீ சொன்னதுக்காக இல்லம்மா. மீட்டர் சொன்னுச்சு," என்றார் பெரியப்பா. எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை.

எல்லாத் தகடுகளும் வெறும் தகடுகளல்ல என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். நெதர்லாந்தின் அணுக்கதிர் பாதுகாப்பு ஆணையம், அலைகளிலிருந்து காப்பதாகவும் நலம் தருவதாகவும் விற்கப்பட்ட 10 பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாக 2021 டிசம்பரில் எச்சரித்தது. 'குவாண்டம்' பதக்கமும் குழந்தைகள் அணியும் கைப்பட்டையும் அவற்றுள் அடங்கும். இல்லாத அலைக்குப் பணம் கொடுத்து, இருக்கும் கதிரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது எத்தகைய கொடுமை!

தேடலும் தெளிவும்

இதையெல்லாம் படித்துவிட்டு, விசித்திரமான அலைகளைத் தேடுவதே வீண் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் தம் கையால் செய்த கருவிகளைக் கொண்டே 1890-களில் மில்லிமீட்டர் அளவிலான அலைகளை ஆராய்ந்தார்; முறுக்கிய சணலைக்கூட ஆய்வுக்கருவியாக்கினார். 1969-இல் ஜோசப் வெபர் அலுமினிய உருளைகளைக் கொண்டு ஈர்ப்பலையைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது கிட்டவில்லை. ஆனால், தேடல் நிற்கவில்லை. 2015 செப்டம்பர் 14-ஆம் நாள் 'லைகோ' கருவிகள் ஈர்ப்பலையை உண்மையாகவே பதிவு செய்தன. அதற்கு முன் 2010-இல், ஆய்வாளர்கள் விழிப்போடு இருக்கிறார்களா என்று அறிய, அவர்களுக்கே தெரியாமல் பொய்யான அலை ஒன்றைக் கருவிக்குள் செலுத்திச் சோதித்தார்கள். தம்மைத் தாமே ஐயுற்றவர்கள் கண்டதைத்தான் உலகம் ஏற்றுக்கொண்டது.

நம் சமூகத்தில் அறிவியல் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு பெருகி வருகிறோம். ஆயினும், நம் பெரியவர்களுக்கு ஆங்கிலத்தில் விற்கப்படும் மாயச் சொற்களை நாம் தமிழில் விளக்குவதில்லை. "உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறோம். அவர்கள் மண்டபத்துக்குப் போகிறார்கள். அங்கே யாரோ ஒருவர் அவர்களை உட்கார வைத்து, பொறுமையாக, மரியாதையாகப் பேசுகிறார். நாம் கொடுக்காத நேரத்தை அவர் கொடுக்கிறார். அதற்குத்தான் 20,000 ரிங்கிட்.

பெரியப்பா இப்போது தம் குறிப்பேட்டில் ஒத்ததிர்வு, மின்தேக்கி, அண்மைப் புலம் என்றெல்லாம் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார். நூற்றுக்கு 2 என்பதை 5 ஆக்க முடியுமா என்று பெரிய உருண்டை தேடிக்கொண்டிருக்கிறார். மாணவ நண்பர்களே, விடுமுறையில் வீடு திரும்பும்போது ஒரு மீட்டரையும் சிறிது நேரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். நம் பெரியவர்களுக்கு ஆர்வம் குறைவில்லை. உடன் அமர்ந்து அளந்து பார்க்கத்தான் ஆள் வேண்டும்.